சிவில் முடிக்கப்போறன், வெள்ளப் பக்கம் வேலைக்குப் போக என்ன வழி?

கண்டாவளைப்பிள்ளை:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சி அறிவியல்நகர்ல, யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில சிவில் கடைசி வருசம் படிக்கிறன். என்ர பட்ச்ல எல்லாரும் பில்டிங், றோட் எண்டுதான் நிக்கினம், எனக்கு வெள்ள முகாமைத்துவம்தான் விருப்பம், 2018 டிசம்பர்ல இரணைமடுக்குளத்து வான்கதவு திறந்து எங்கட பக்கம் முழுக்கத் தாண்டதைப் பாத்தனான், 2025 டித்வா புயலிலயும் வன்னிச் சனம் பட்ட பாடு தெரியும்தானே. எந்தத் திணைக்களம், என்ன சொவ்ட்வெயார், மாஸ்டர்ஸ் கட்டாயமோ? இஞ்ச இருந்துகொண்டே செய்யேலுமோ?

குளக்கட்டு:
தங்கச்சி, முதல்ல எந்தக் குளம் ஆரிட்ட எண்டதைப் பிடியுங்கோ. இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம், மன்னார் கட்டுக்கரை மத்திய திணைக்களம், 200 ஏக்கருக்குக் குறைய வயல் பாயிற சின்னக்குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களம். மழைக்கு இந்தப் பிரிவினை தெரியாது, மேல ஒரு சின்னக்குளம் உடைஞ்சா அந்தத் தண்ணி அடுத்த குளத்துக்கு வந்து அதையும் தள்ளும். மூண்டு கந்தோரையும் ஒரு ஆத்துப்படுகையா வச்சுப் பாக்கிற எஞ்சினியர் எங்களுக்குக் காணாது, உங்கட வேலை அங்கதான் கிடக்கு. அரச வேலைக்கு இலங்கைப் பொறியியல் சேவைப் போட்டிப் பரீட்சை இருக்கு, பொறியியற் பேரவைப் பதிவையும் பட்டம் கிடைச்ச கையோட செய்யுங்கோ.

இன்னொண்டு, மாரிக்கு ஒரு பழைய வேலை மேற்பார்வையாளரோட கட்டில நடவுங்கோ. கட்டடியில கசியிற தண்ணியக் கையில ஏந்திப் பாக்கச் சொல்லுவார். தெளிவா வந்தா கவனிச்சுக்கொண்டு இருக்கலாம், கலங்கி வந்தா கட்டுக்குள்ள இருக்கிற மண் அரிச்சு வருது எண்டு அர்த்தம், உடன மேல சொல்லி மண்மூட்டை அடுக்கோணும். புத்து, மரவேர், உடும்புப் பொந்து எல்லாம் அப்பிடித்தான் பாக்கப் பழகிறது.

மொடல்காரன்:
அண்ணா சொன்னது சரி. நான் தனியார் கன்சல்டன்சியில இருக்கிறன். மழை எவ்வளவு தண்ணியா ஓடிவரும் எண்டு கணிக்க ஹெக்-எச்எம்எஸ் (HEC-HMS), ஆத்தில அது எவ்வளவு உயரத்துக்கு ஏறும் எண்டு பாக்க ஹெக்-ராஸ் (HEC-RAS), வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் (QGIS), மூண்டும் இலவசம், இப்பவே இறக்கிப் பழகுங்கோ, மாஸ்டர்ஸ் பிறகு பாக்கலாம், ரெண்டு மூண்டு வருசம் வேலை செய்திட்டுப் போனா என்ன படிக்கோணும் எண்டு உங்களுக்கே விளங்கும். ஆனா சற்றலைட் உயரத் தரவை மட்டும் நம்பி வரைபடம் கீறாதேங்கோ, அதில மீற்றர் கணக்கில பிழை வரும், எங்கட தரையோ தட்டை, ஒரு மீற்றர் பிழைச்சா தாழுற ஒரு கிராமமே வரைபடத்தில தண்ணிக்கு வெளியால போயிடும். நேர போய் லெவல் கருவியால தரை உயரத்தை அளந்து, சுவரில இருக்கிற வெள்ளக் கறையை அளந்து மொடலைச் சரிபாருங்கோ.

100 வருச வெள்ளம் எண்டா நூறு வருசத்துக்கு ஒருக்கா எண்டு கன பேர் நினைக்கினம். ஒவ்வொரு வருசமும் 1 வீதச் சாத்தியம், 30 வருசம் ஒரு வீட்டில இருந்தா அது ஒருக்காவது வரக் கிட்டத்தட்ட 26 வீதம். இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்தப் பழகுங்கோ.

மாவட்ட_அக்கா:
அனர்த்த முகாமைத்துவப் பக்கம் வேலை செய்யிறன். தங்கச்சி, செக்கனுக்கு இத்தனை கனமீற்றர் தண்ணி வரும் எண்டு எனக்கு அனுப்பினா அதை வச்சு நான் என்ன செய்யிறது? இந்த ஒழுங்கையில எத்தனை மணிக்கு முழங்காலளவு வரும், மாட்டை எந்தப் பக்கம் சாய்க்கிறது, பிள்ளைத்தாச்சிய எந்த றோட்டால ஏத்திறது, இதுதான் எனக்கு வேணும். கதவு திறக்கிறது கனதரம் இரவில. கிராம சேவையாளர், கமக்கார அமைப்பு, கோயில் ஸ்பீக்கர் வரைக்கும் செய்தி போய்ச் சேருமோ எண்டு மழைக்கு முன்னமே ஒத்திகை பாக்கோணும். இதையும் எஞ்சினியரிங் எண்டு நினைச்சு வாற பிள்ளையளைத்தான் நாங்கள் தேடுறம்.

கண்டாவளைப்பிள்ளை:
மெத்தப் பெரிய உதவி. கடைசி வருசப் புரொஜெக்ட்டுக்கு கனகராயன் ஆத்தில இரணைமடுவுக்குக் கீழ உள்ள பகுதியை எடுக்கலாம் எண்டு யோசிக்கிறன், வெள்ளக் கறை அளக்கிறதெண்டா எங்க தொடங்கிறது?

மொடல்காரன்:
பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள். அங்க சுவர் இடிச்சுக் கட்டுறது குறைவு, கேட்டா வருசமும் சொல்லுவினம். முரசுமோட்டைப் பக்கத்தில தொடங்கி ஆத்தோட கீழ போங்கோ, மாரி தொடங்க முன்னம் முடிச்சிடுங்கோ.