பயோட்டினேற்றி, அமீன்நாடி, காம்பு: என் பரிந்துரைகள்

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை நேற்றிரவு முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். புரதத்தில் பயோட்டினைப் பிணைக்கும் பொருள்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான் என்பதால், எங்கே வந்து நிற்கிறோம் என்று சொல்ல வேண்டியதும் நான்தான். மதுரையில் எங்கள் கல்லூரி மாணவர்களுக்காகச் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். புரதத்தில் பயோட்டினைப் பிணைக்கும் பாடத்துக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது. பயோட்டின் ஒரு வைட்டமின். அவிடின் என்ற புரதம் அதை இறுகப் பிடிக்கும் என்பதால், நமக்கு வேண்டிய புரதத்தில் அடையாளமாகப் பிணைத்து வைக்கிறோம். வேலையைச் செய்து காட்டத் தெரிகிறது, எந்தக் குப்பியை எடுக்க வேண்டும் என்று தமிழில் சொல்ல வரவில்லை.

முதலில், சிக்கல் இல்லாததை முடித்துவிடலாம். வினைக்குப் பெயர் ‘பயோட்டினேற்றம்’. ஆக்சிஜனேற்றம், மெத்திலேற்றம் என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள், இதுவும் அந்த வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும். மின்னேற்றம் செய்வது மின்னேற்றி என்றால், பயோட்டினை ஏற்றும் பொருள் ‘பயோட்டினேற்றி’. இதில் இன்னொரு வசதியும் உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் வினைப்பொருள் என்பதை இலங்கையில் சோதனைப்பொருள் என்கிறார்கள். பயோட்டினேற்றி என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் புரியும்.

சென்னை ஐயா ‘அடையாளமிடல்’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். அது பொதுச்சொல்லாக இருக்கட்டும், ஐயா. ஒளிரும் சாயத்தைப் பிணைத்தாலும் கதிரியக்க அயோடினைப் பிணைத்தாலும் அடையாளமிடல்தான். பயோட்டினேற்றம் அதில் ஒரு வகை. பயோட்டின் என்ற பெயரையே தமிழாக்கலாம் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. முடி உதிர்கிறது என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள்கூட பயோட்டின் என்றுதான் கேட்கிறார்கள். மக்கள் வாய்க்கு வந்துவிட்ட பெயரைப் பிடுங்க வேண்டாம்.

இனி உண்மையான சிக்கல். பயோட்டினேற்றிகள் பல. ஒவ்வொன்றும் புரதத்தில் ஒவ்வோர் இடத்தைத் தேடிப் போய்ப் பிணையும். என்எச்எஸ் (N-ஹைட்ராக்சிசக்சினிமைடு) எஸ்டர் முனை உள்ளது முதன்மை அமீனை, அதாவது NH₂ தொகுதியைத் தேடும்: லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச்சங்கிலியையும் புரதத்தின் தொடக்க முனையையும். மாலிமைடு முனை உள்ளது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் தயோலை, அதாவது கந்தகம் உள்ள SH தொகுதியைத் தேடும். ஹைட்ரசைடு முனை உள்ளது, சர்க்கரைகளைப் பெர்அயோடேட்டால் ஆக்சிஜனேற்றினால் உண்டாகும் ஆல்டிஹைடைத் தேடும். இவற்றுக்கு ‘அமீன்பற்றி’, ‘தயோல்பற்றி’ என்று நானே முதலில் எழுதியிருந்தேன். கோவைத் தம்பி சுட்டிக்காட்டியது சரி: ‘அமீன் பற்றி எழுதுக’ என்று தேர்வுத்தாளில் கேட்பது போலவே கண்ணில் படுகிறது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

யாழ்ப்பாணத்து அக்கா கொடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. நாம் இங்கே கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள் என்று நீட்டிச் சொல்வதை அங்கே கருநாடி, இலத்திரன்நாடி என்று சுருக்கமாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அதே அச்சில் ‘அமீன்நாடி’, ‘தயோல்நாடி’, ‘ஆல்டிஹைடுநாடி’. எங்கள் பக்கம் நாடி என்றால் முகவாய், வைத்தியர் பிடித்துப் பார்ப்பதும் நாடி. ஆனாலும் இன்னொரு சொல்லின் பின்னால் வரும்போது நாடிப் போவது என்ற பொருள்தான் முன்னே நிற்கிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: புணர்த்தி ‘அமீனாடி’ என்று எழுத வேண்டாம். மூலப்பொருளின் பெயர் முழுதாகத் தெரிய வேண்டும்.

இந்தச் சொல்லுக்காக நான் இவ்வளவு வாதாடக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) ஒன்றைப் பயோட்டினேற்றம் செய்தார். கணக்கெல்லாம் ஒழுங்கு. 1 மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் எதிர்ப்பொருள், மூலக்கூறு எடை 1,50,000 டால்டன், ஆகவே 13.3 நானோமோல். அதற்கு 20 மடங்கு என்று சல்ஃபோ-என்எச்எஸ்-எல்சி-பயோட்டின் என்ற அமீன்நாடியில் 10 மில்லிமோலார் கரைசல் புதிதாகக் கரைத்து 27 மைக்ரோலிட்டர் விட்டார். பனிக்கட்டியில் இரண்டு மணி நேரம் வைத்தார், பிணையாத மிச்சத்தைச் சவ்வு வழியே நீக்க இரவெல்லாம் டயாலிசிஸ் செய்தார். மறுநாள் சோதித்தபோது, பயோட்டின் ஏறியிருந்தால் நிறம் காட்ட வேண்டிய தட்டில் 96 குழியும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தன. ஒரு குழியில்கூட நிறம் வரவில்லை. அந்தப் பிள்ளை தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

எதிர்ப்பொருள் இருந்தது 50 மில்லிமோலார் ட்ரிஸ் தாங்கல் கரைசலில். ட்ரிஸ் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு முதன்மை அமீன் இருக்கிறது. பயோட்டினேற்றியின் செறிவு 0.27 மில்லிமோலார்தான். ஒரு பயோட்டினேற்றிக்கு 185 ட்ரிஸ் என்ற கணக்கில் சூழ்ந்து நின்றால், புரதம் வரை போய்ச்சேர என்ன மிச்சம் இருக்கும்? ‘அமீன் இல்லாத தாங்கல் கரைசலைப் பயன்படுத்துக’ என்று ஆங்கிலக் கையேட்டில் எழுதித்தான் இருந்தது. அதை அவர் படித்தும் இருந்தார். ட்ரிஸ் என்பதை ட்ரிஸ் என்ற பெயராக மட்டுமே அறிந்திருந்ததால், அந்த வரி தன் குழாயைப் பற்றியது என்று அவருக்குத் தோன்றவில்லை. குப்பியின் பெயரே அமீன்நாடி என்றிருந்தால், ‘இந்தக் கரைசலில் வேறு எங்கே அமீன் இருக்கிறது?’ என்ற கேள்வி தானாக வந்திருக்கும். ட்ரிஸும் வேண்டாம், கிளைசினும் வேண்டாம், பாஸ்பேட் கரைசலுக்கு மாற்று என்று கை போயிருக்கும். எனக்குக் கலைச்சொல்லிடம் உள்ள எதிர்பார்ப்பு இதுதான்: பொருளைத் தேர்ந்தெடுக்க அது உதவ வேண்டும்.

தண்ணீரும் இதில் ஒரு பகைவன். என்எச்எஸ் எஸ்டர் நீராற்பகுப்பில் வீணாகும். பிஎச் 7-இல், 0 டிகிரி செல்சியசில் அதன் அரை ஆயுள் 4 முதல் 5 மணி நேரம், பிஎச் 8.6-இல், 4 டிகிரியில் வெறும் 10 நிமிடம். ஆகவே கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறக்காதே. அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வை.’ மதுரை வெயிலில் குப்பியை வெளியே வைத்த ஒரு நிமிடத்தில் கண்ணாடி முழுக்க முத்து முத்தாக வியர்த்துவிடுகிறது. அப்போது திறந்தால் அந்த ஈரம் உள்ளே போய்ப் பொடி பிசுபிசுத்துவிடும்.

அடுத்து, என் மனத்துக்கு மிக நெருக்கமான சொல். பயோட்டினுக்கும் புரதத்தைப் பிடிக்கும் முனைக்கும் நடுவே உள்ள இணைப்புத் துண்டை என்னவென்று சொல்வது? ‘இடைவெளிக் கை’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கை என்றால் பிடிக்க வேண்டும். இந்தத் துண்டு எதையும் பிடிப்பதில்லை. பிடிப்பது ஒரு முனை, பிடிபடுவது மறுமுனையில் இருக்கும் பயோட்டின். நடுவில் இருப்பது நீளம் கொடுக்கிறது, அவ்வளவே.

‘காம்பு’ என்று சொல்லலாமா? மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து மல்லிகை மொட்டு வாங்கி வந்து வீட்டில் கட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நார் பிடிப்பது காம்பைத்தான். காம்பு போதிய நீளம் இருந்தால் முடிச்சு காம்பில் விழும், மொட்டு வெளியே நிமிர்ந்து நிற்கும். காம்பு குட்டையாக இருந்தால் முடிச்சு மொட்டின் கழுத்தை நெரிக்கும், இல்லையென்றால் மொட்டு நாருக்குள்ளேயே புதைந்துபோகும். காம்பே இல்லாவிட்டால் கட்ட முடியாது, ஊசியில்தான் கோக்க வேண்டும்.

புரதத்திலும் நடப்பது இதேதான். முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடினில் பயோட்டின் போய் உட்காரும் பள்ளம், மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 9 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) ஆழத்தில் இருக்கிறது. சாதாரண என்எச்எஸ்-பயோட்டினின் காம்பு 13.5 ஆங்ஸ்ட்ராம். லைசின் புரதத்தின் முகப்பில் துருத்திக்கொண்டிருந்தால் அது போதும். மடிப்புக்குள் ஒளிந்திருந்தால் பயோட்டின் அந்தப் பள்ளத்தை எட்டாது. அப்போது 22.4 ஆங்ஸ்ட்ராம் உள்ள எல்சி (நீள்சங்கிலி) வகை வேண்டும், அதுவும் போதாவிட்டால் 30.5 உள்ள இரட்டை எல்சி. எல்சி வகையை ‘நெடுங்காம்புப் பயோட்டினேற்றி’ என்று எழுதினால், எப்போது அதை எடுக்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

இன்னொரு வகையும் இருக்கிறது. நடுவே டைசல்ஃபைடு பிணைப்பு, அதாவது இரண்டு கந்தக அணுக்களுக்கிடையேயான பிணைப்பு வைத்த எஸ்எஸ் வகை, காம்பு 24.3 ஆங்ஸ்ட்ராம். அவிடினின் பிடி லேசில் விடாத பிடி. பயோட்டினைக் கழற்ற 8 மோலார் குவானிடின் கரைசலை பிஎச் 1.5-இல் விட வேண்டியிருக்கிறது, அதில் நம் புரதமும் குலைந்துவிடும். எஸ்எஸ் வகையாக இருந்தால் அந்தப் பிணைப்பை உடைக்கும் ஒடுக்கியான டிடிடியை 50 மில்லிமோலார் விட்டால் போதும், காம்பு நடுவில் அறுந்து புரதம் தனியே வந்துவிடும். இதற்கு ‘அறுகாம்பு’ என்பது என் பரிந்துரை. திருச்சி அம்மா ‘கிள்ளுகாம்பு’ என்று எழுதியிருந்தார்கள். அழகான சொல்தான், வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவது நினைவுக்கு வருகிறது. ஆனால் கிள்ளுவது நுனியில் நடக்கிறது, இங்கே அறுவது நடுவில். அறுகாம்பு என்றே இருக்கட்டும் என்று தோன்றுகிறது.

சல்ஃபோ வகைக்குத் தனிப்பெயர் தேவையில்லை. சல்ஃபோ தொகுதியின் மின்சுமையால் அது நீரில் நேராகவே கரைகிறது, செல் சவ்வைத் தாண்டி உள்ளே போவதும் இல்லை. உயிருள்ள செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களை மட்டும் பிடிக்க அதுவே ஏற்றது. அந்த வேலையை ‘வெளிப்புறப் பயோட்டினேற்றம்’ என்றால் ஆயிற்று.

கோவைத் தம்பி, உங்கள் தனிக் கேள்விக்கு: உங்கள் எதிர்ப்பொருளில் ஆன்டிஜெனைப் பிடிக்கும் இடத்திலேயே லைசின் இருக்கிறது என்றால் அமீன்நாடியை விட்டுவிடுங்கள். எதிர்ப்பொருளின் சர்க்கரை பெரும்பாலும் அடித்தண்டுப் பகுதியில், பிடிக்கும் நுனிகளுக்குத் தொலைவில் இருக்கும். ஆல்டிஹைடுநாடியை எடுங்கள். தயோல்நாடியும் பயன்படும், ஆனால் டைசல்ஃபைடாகப் பூட்டிக் கிடக்கும் சிஸ்டீனை அது தொடாது, முதலில் ஒடுக்க வேண்டும். பிஎச் 6.5 முதல் 7.5-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே போனால் மாலிமைடு அமீனையும் பிடிக்கத் தொடங்கிவிடும், தயோல்நாடி என்ற பெயரே அங்கே பொருந்தாமல் போய்விடும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) சங்கிலி வைத்த காம்புகள் நீரை விரும்புகிறவை, புரதம் திரண்டு படிவதைக் குறைக்கின்றன. ‘நீர்நாடிக் காம்பு’ என்று எழுதலாம் என்றால், நாடி என்ற சொல்லை வினைபுரியும் முனைக்கு ஒதுக்கிவிட்டு அதையே காம்புக்கும் கொடுப்பது குழப்பும். ‘நீர்க்காம்பு’ என்று சுருக்கினால் தாமரைத்தண்டு போல ஒலிக்கிறது. அக்கா, அங்கே இதற்கு ஏதாவது புழக்கத்தில் உண்டா? திங்கட்கிழமை காலையில் கையேட்டைப் படியெடுக்கக் கொடுக்கிறேன். ஞாயிறு இரவுக்குள் யாராவது எழுதினால் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிடுவேன், இல்லையென்றால் இப்போதைக்குப் ‘பெக் காம்பு’ என்றே போகும்.

அன்புடன்,
மதுரையிலிருந்து