புதுப்பிப்பு: லினக்ஸ் மடிக்கணினியில் வைஃபை வந்துவிட்டது

பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டபின் வைஃபை, ஒலி இரண்டும் இல்லை, கணினி தூங்கி எழுந்தால் டச்பேட் அசைவதில்லை என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பாதிக்கு மேல் சரியாகிவிட்டது.

வைஃபைக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் சிறு மென்பொருள்) இல்லை என்றே நினைத்திருந்தேன். அது தப்பு. கைபேசியை யூஎஸ்பி வழியே இணைத்து இணையம் எடுத்து, டிகேஎம்எஸ் (டிரைவரை நம் கணினியிலேயே உருவாக்கித் தரும் கருவி) மூலம் வைஃபை டிரைவரை நிறுவினேன். பிழையின்றி முடிந்தது, ஆனால் வைஃபை வரவில்லை. டிரைவரை ஏற்றும் மாட்புரோப் கட்டளையைக் கையால் கொடுத்தபோதுதான் 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்ற பொருளில் பதில் வந்தது. செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு, இயங்கிக்கொண்டிருந்தது. டிரைவரின் கையொப்பத்தை நம்பாததால் கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அதை ஏற்கவில்லை. அதை நம்ப வைக்க, எம்ஓகே (கணினி உரிமையாளர் தானே சேர்க்கும்) சாவியைப் பதிவுசெய்ய மோக்யூட்டில் கட்டளை, ஒரு கடவுச்சொல், அப்புறம் மறுதொடக்கம். அப்போது சாவியை உறுதிசெய்யக் கேட்கும் நீலத்திரை வந்து பத்து வினாடிதான் காத்திருக்கிறது. நான் எழுந்து போயிருந்தேன், திரை போயே போய்விட்டது! இரண்டாம் முறை பக்கத்திலேயே உட்கார்ந்து 'என்ரோல்' கொடுத்தேன். இப்போது தானாகவே இணைகிறது. செக்யூர் பூட்டை அணைப்பது சுலபம்தான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

ஒலிக் கதை வெட்கக்கேடு. ஒலி அளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சரில் மாஸ்டருக்குக் கீழே 'எம்எம்' என்றிருந்தது, அதாவது ஊமை. எம் விசையை ஒரு தட்டு, அவ்வளவுதான்.

டச்பேட் இன்னும் முழுசாகத் தீரவில்லை. டச்பேடின் டிரைவரான பிஎஸ்மவுஸ் மாட்யூலை நீக்கி மறுபடி ஏற்றினால் உயிர் வருகிறது. ஒவ்வொரு முறையும் கையால்தான் செய்கிறேன்.