மாத அறிக்கை ஷீட்டை மட்டும் தனி ஃபைலாக்கினால் லிங்க் கேட்கிறது, அறுப்பது எப்படி?

மண்டபம் கணக்கு (கேட்பவர்):
எக்செல் 2016. பாம்பன், மண்டபம், ஏர்வாடி, தொண்டி என்று ஊருக்கு ஒரு ஷீட். ஒவ்வொன்றிலும் படகு எண், உரிமையாளர் பெயர், போன், மீன் வகை, கிலோ, ஏல விலை. 'மாத அறிக்கை' ஷீட் இவற்றிலிருந்து சம்இஃப் (நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் கூட்டும் ஃபார்முலா) மூலம் நிரம்புகிறது. வெளியூர் வியாபாரிக்கு அறிக்கை மட்டும் போகணும், படகுக்காரர் விவரம் போகக் கூடாது. ரைட் கிளிக், மூவ் ஆர் காப்பி, நியூ புக் என்று தனி ஃபைலாக்கினேன். திறந்தால் லிங்க்கை அப்டேட் செய்யவா என்று கேட்கிறது. மூல ஃபைலை மூடிவிட்டு அப்டேட் கொடுத்தால் வேல்யூ பிழை. டேட்டா டேப்பில் எடிட் லிங்க்ஸ் போய் பிரேக் லிங்க் கொடுத்தும் ஒன்று மட்டும் போக மாட்டேங்குது.

தொண்டி:
சம்இஃப் மூடிக் கிடக்கும் ஃபைலிலிருந்து கணக்குப் போடாது, அதனால்தான் வேல்யூ பிழை. பிழை தெரியும்போது பிரேக் லிங்க் கொடுத்தால் அந்தப் பிழையே நிலைத்துவிடும், அன்டூவும் கிடையாது.

முக்கியமான விஷயம் வேறு. இப்படிப் பிரித்த ஃபைல், தான் சுட்டும் கட்டங்களின் மதிப்புகளையும் உள்ளே சேமித்து வைக்கும். சம்இஃப்பில் படகு எண் வரிசையைச் சுட்டியிருந்தால் அந்த வரிசை முழுக்க வியாபாரி கைக்குப் போகிறது. ஆகவே பிரித்துவிட்டு அறுப்பதைவிட, அறுத்துவிட்டுப் பிரியுங்கள்:

முதலில் சேவ் ஆஸ் கொடுத்து வேறு பெயர் வையுங்கள். அறிக்கை ஷீட்டில் ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறைந்த வரிகளில் ஃபார்முலா தங்கிவிடும். கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி, பிறகு கன்ட்ரோல் ஆல்ட் வி, வி, என்டர். ஃபார்முலா போய் எண் மட்டும் நிற்கும். அதன் பிறகே ஊர் ஷீட்களை டெலீட் செய்யுங்கள். முந்தி டெலீட் செய்தால் எல்லாம் ரெஃப் பிழை (சுட்டிய இடமே இல்லை என்ற பிழை). ஹைட் செய்வது பூட்டு ஆகாது, ரைட் கிளிக்கில் அன்ஹைட் இருக்கிறது.

ஏர்வாடி:
போகாத அந்த ஒரு லிங்க் கட்டத்துக்குள் இருக்காது, அதனால்தான் பிரேக் லிங்க்குக்கு அகப்படவில்லை. பெரும்பாலும் டிராப்டவுன் பட்டியல். ஹோம், ஃபைண்ட் அண்ட் செலக்ட், டேட்டா வேலிடேஷன் கொடுத்தால் அந்தக் கட்டங்கள் தேர்வாகும். பிறகு டேட்டா டேப்பில் டேட்டா வேலிடேஷனைத் திறந்து, சோர்ஸ் பெட்டியில் பழைய ஃபைல் பெயர் தெரிந்தால் கிளியர் ஆல். அங்கே இல்லையென்றால் கன்டிஷனல் ஃபார்மேட்டிங் விதிகள் (நிபந்தனைப்படி கட்டத்தின் நிறம் மாற்றுபவை), பிறகு கன்ட்ரோல் எஃப்3 அழுத்தி நேம் மேனேஜர் (பெயரிட்ட கட்டங்களின் பட்டியல்) பாருங்கள்.

கட்டங்களில் ஃபார்முலா மிச்சமா என்று பார்க்க, கன்ட்ரோல் எஃப்பில் [ குறியைத் தேடுங்கள், வித்தின் என்பதை வொர்க்புக் ஆக்கி. டேபிள் ஃபார்முலாக்களிலும் அந்தக் குறி வரும், ஏமாற வேண்டாம்.

மண்டபம் கணக்கு:
டிராப்டவுன்தான் அண்ணே. மீன் வகைப் பட்டியல் பழைய ஃபைலைச் சுட்டிக்கொண்டிருந்தது. கிளியர் செய்ததும் கேள்வி நின்றுவிட்டது. பிவட்டும் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) ஒரு சார்ட்டும் உண்டு, அவற்றையும் இப்படியே விடலாமா?

ஏர்வாடி:
பிவட்டை விடாதீர்கள். மூல ஷீட்டை டெலீட் செய்தாலும் தரவு பிவட்டுக்குள் தங்கியிருக்கும். மொத்தத்தில் டபுள் கிளிக் செய்தால் படகு வாரியாக எல்லாம் கொட்டும். அதையும் வேல்யூஸாக ஒட்டுங்கள். சார்ட்டை காப்பி செய்து பிக்சராக ஒட்டி, பழையதை அழித்துவிடுங்கள்.

தொண்டி:
இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு வரிசை பூஜ்யம். சராசரி விலைக்குக் கிலோவால் வகுத்தால் டிவ் பிழை வரும், வேல்யூஸ் ஒட்டினால் பிழையும் அப்படியே ஒட்டும். ஒட்டுவதற்கு முன் இஃப்எரர் போட்டு '–' வரும்படி செய்யுங்கள்.

அனுப்புமுன் ஃபைலின் நகல் ஒன்றில் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறங்கள். எக்ஸ்எல் ஃபோல்டருக்குள் எக்ஸ்டர்னல்லிங்க்ஸ் என்ற ஃபோல்டர் இருந்தால் லிங்க் இன்னும் எங்கோ ஒட்டியிருக்கிறது.