கேஎல்ஹெச் மட்டும் போட்ட எலியிலும் புழுவுக்கு எதிர்ப்பொருள், எங்கே தப்பு?

கேள்வி:
சிஸ்டோசோமா மான்சோனி என்ற ஒட்டுண்ணிப் புழுவின் மேல்தோல் புரதத்திலிருந்து ஒரு பெப்டைடு (சிறு புரதத் துண்டு) எடுத்து, கேஎல்ஹெச் என்ற சுமக்கும் புரதத்தோடு இணைத்து எலிகளுக்கு ஊசி போட்டேன். எதிர்ப்பொருளை அளக்க, புழுச் சாறு பூசிய எலிசா தட்டில் சீரம் நன்றாக ஒட்டியது. அந்தச் சந்தோஷம் ஒரே நாள்தான். பெப்டைடே இல்லாமல் கேஎல்ஹெச் மட்டும் போட்ட எலிகளின் சீரமும் கிட்டத்தட்ட அதே அளவு ஒட்டுகிறது. ஒன்றும் போடாத எலியில் எதுவுமில்லை. பிளாக்கிங் (கண்டபடி ஒட்டாமல் தடுக்கும் பூச்சு) மாற்றினேன், தட்டு மாற்றினேன், பலனில்லை. ஆறு மாத உழைப்பு. சாம்பிள் கலந்துவிட்டதா?

பதில் 1:
கலக்கவில்லை தம்பி. கேஎல்ஹெச் என்பது மெகதுரா கிரெனுலாட்டா என்ற கடல்வாழ் நத்தையின் ரத்தப் புரதம். அதன் சர்க்கரைச் சங்கிலியில் உள்ள ஃபியூகோஸ் அமைப்பு சிஸ்டோசோமாவிலும் இருக்கிறது. பிரான்சின் லில் நகரில் காப்ரோன் ஆய்வுக் குழு இந்தச் சர்க்கரை ஒற்றுமையை 1986-இல் நன்னீர், கடல் நத்தைகளிலும், 1987-இல் கேஎல்ஹெச்சிலும் காட்டியது. உங்கள் கன்ட்ரோல், அதாவது கேஎல்ஹெச் மட்டும் போட்ட எலிகள், சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதை வைத்ததற்கே பாராட்டு.

தட்டைப் பெரியோடேட்டில் வைத்துப் பாருங்கள்: 10 மில்லிமோலார், பிஎச் 4.5 அசிட்டேட் பஃபர், இருட்டில் ஒரு மணி நேரம், அப்புறம் போரோஹைட்ரைடு. சர்க்கரை உடையும், புரதம் பெரும்பாலும் நிற்கும். பெரியோடேட் இல்லாத பஃபர் மட்டும் ஊற்றிய சில குழிகளும் அதே தட்டில் இருக்கட்டும்.

கேட்டவர்:
செய்துவிட்டேன் அண்ணா. கேஎல்ஹெச் எலிகளின் சிக்னல் வெறும் குழி அளவுக்கு இறங்கிவிட்டது. பெப்டைடு எலிகளில் முன்பிருந்ததில் கால்வாசி நிற்கிறது. உண்மை அவ்வளவுதான் போல. ஆனால் ஒரு சந்தேகம்: நத்தைச் சர்க்கரையே புழுவைப் பிடிக்கிறதென்றால், அதையே தடுப்பூசியாக்கலாமே?

பதில் 2:
ஆசை நியாயமானது, நானும் அதில் வருடக்கணக்கில் சுற்றியிருக்கிறேன். ஒட்டுவது வேறு, கொல்வது வேறு. ராட் எனும் பெரிய எலி வகையில் செய்த சோதனைகளில், ஐஜிஜி2ஏ வகை எதிர்ப்பொருள் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களோடு சேர்ந்து இளம்புழுவைக் கொன்றது. ஐஜிஜி2சி வகையோ அந்தத் தாக்குதலையே தடுத்தது. அதனால் எலிசா அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எந்த வகை எழுகிறது என்று பிரித்துப் பாருங்கள்.

இப்போதைக்கு அடுத்த எலிகளுக்குப் பெப்டைடை கேஎல்ஹெச்சுக்குப் பதிலாக டெட்டனஸ் டாக்ஸாய்டோடு (நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதம்) இணைத்துப் போடுங்கள். தட்டில் தனிப் பெப்டைடைப் பூசியும் ஒருமுறை பாருங்கள்.

கேட்டவர்:
டாக்ஸாய்டுக்கு இன்றே ஆர்டர் போடுகிறேன் அக்கா. கால்வாசிச் சிக்னலாவது பெப்டைடுடையது என்று தெரிந்ததே பெரிய நிம்மதி.