ஞாயிற்றுக்கிழமை வேன்: அம்மா வீட்டுக் குழு

சித்தி: ஞாயிறு காலை 5 மணிக்குக் கிளம்பியாக வேண்டும். வேன் வருமா வராதா?

சின்ன மாமா: வரும். ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் டக்டக் என்று அடிக்கிறது. வெள்ளைப் புகை வேறு. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது.

அக்கா: போன தடவை மேட்டில் கறுப்புப் புகையும் வந்ததே

சித்தப்பா: டீசலில் சீட்டேன் பூஸ்டர் ஊற்றினால் போதுமாம், வீடியோ பார்த்தேன். இரண்டு பாட்டிலாக ஊற்றிவிடலாம்.

பெரிய மாமா: மாப்பிள்ளை, பொறுங்கள். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசலைத் தெளித்தால் அது தானாகப் பற்ற வேண்டும். தெளிப்பதற்கும் பற்றுவதற்கும் நடுவில் ஒரு சின்னத் தாமதம் உண்டு. அது நீண்டால் பற்றாத டீசல் சேர்ந்துகொண்டே போய், மொத்தமாகக் குபீரென்று எரியும். அந்த அடிதான் டக்டக். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காற்றுக்குப் போதிய சூடு ஏறாது, அதனால்தான் காலையில் அதிகம். டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்வதுதான் சீட்டேன் எண். அது கூடினால் தாமதம் குறையும்.

சின்ன மாமா: அப்போ ஊற்றலாம்தானே அண்ணா

பெரிய மாமா: இன்னும் முடிக்கவில்லை.

அம்மா: முன் சீட் எனக்கு. பின்னால் உட்கார்ந்தால் முட்டி மடங்காது.

சித்தி: போன முறையும் நீதான் முன்னால் அக்கா

பெரிய மாமா: அந்த பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட். சூட்டில் சீக்கிரம் உடைந்து தீயைத் தொடங்கி வைக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே வேலை செய்யும். கூட்டக் கூட்டப் பலன் சுருங்கும், இரண்டு பாட்டில் வீண். ஐரோப்பிய டீசலுக்குக் குறைந்தபட்ச சீட்டேன் எண் 51, அமெரிக்காவில் 40. 40 உள்ள டீசலில் வித்தியாசம் தெரியும், 51 உள்ளதில் அவ்வளவாகத் தெரியாது.

சித்தப்பா: கொஞ்சம் மண்ணெண்ணெய்? எங்கள் அப்பா கலப்பார் மச்சான்.

பெரிய மாமா: வேண்டவே வேண்டாம். டீசலை எஞ்சினுக்குத் தள்ளும் பம்புக்கு டீசல்தான் மசகு. கந்தகத்தை 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) வரை குறைக்கும்போது மசகுத்தன்மை தரும் பொருள்களும் போய்விடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் விற்பனைக்கு வருமுன்பே மசகுச் சேர்க்கை கலக்கிறார்கள். மண்ணெண்ணெய் அதைக் கெடுத்துவிடும். போன பம்ப் எப்படித் தேய்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சின்ன மாமா: அண்ணா அந்தப் பேச்சு வேண்டாம். என் பங்கை நான் அப்போதே கொடுத்துவிட்டேன்.

சித்தி: யார் கொடுக்கவில்லை என்று இங்கே யாரும் கேட்கவில்லை

சின்ன மாமா: சரி

அக்கா: மாமா, கறுப்புப் புகைக்கு?

பெரிய மாமா: அது வேறு நோய் கண்ணு. காற்றுக்கு மிஞ்சிய டீசல் உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் அடைப்பு, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போவின் குழாய்க் கசிவு, இல்லாவிட்டால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். முனையின் ஓட்டை 0.1, 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அதில் கரி படிந்தால் தூவல் கெட்டு, பெருந்துளியாக விழுந்த டீசல் முழுதாக எரியாமல் கரியாகும். கரியைக் கழுவ டிடர்ஜென்ட் வகைச் சேர்க்கை நிஜமாகவே உதவும். ஆனால் ஒரே நாளில் ஆகாது, சில டேங்க் ஓட வேண்டும். தேய்ந்த முனையை எந்த பாட்டிலும் சரிசெய்யாது.

அம்மா: அண்ணா இவ்வளவும் ஞாயிற்றுக்குள் முடியுமா?

பெரிய மாமா: முதலில் குளோ பிளக்கைப் பாருங்கள், குளிர்ந்த எஞ்சினுக்குள் சூடு கொடுப்பது அதுதான். காலையில் அடித்து, சூடானதும் அடங்குகிறது என்றால் எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அப்படியானால் வண்டியை எடுக்கவே கூடாது.

சின்ன மாமா: சனிக்கிழமை காலை மெக்கானிக்கிடம் விடுகிறேன். ஏர் ஃபில்டரும் பார்க்கச் சொல்கிறேன்.

சித்தப்பா: வாங்கிய பாட்டிலை என்ன செய்வது?

பெரிய மாமா: லேபிளைப் படம் எடுத்துப் போடுங்கள். என்ன வகை என்று பார்த்துச் சொல்கிறேன்.

அக்கா: வாங்கியே விட்டீர்களா சித்தப்பா

சித்தி: இரண்டு வாங்கி வந்திருக்கிறார்

அம்மா: முன் சீட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை