மாமரத்தில் பாசி, வாசல் மரத்தில் சாம்பல் திட்டு: காரணம் என்ன?

கேள்வி (கோட்டூர்புரம்வாசி):
எங்கள் கிணற்றடியை ஒட்டி நிற்கும் மாமரத்தின் அடிமரத்தில், ஐப்பசி மழை தொடங்கிய பத்தே நாளில் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது. சாலையோரம் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்திலோ பாசியே இல்லை. தேமல் போல வட்ட வட்டமாகச் சாம்பல் திட்டுகள்தாம் உள்ளன. இரண்டுக்கும் ஒரே மழைதானே? பக்கத்து வீட்டுப் பெரியவர் எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்.

மறுமொழி 1:
சுரண்ட வேண்டாம் ஐயா. அந்தத் தேமல் லைக்கன்; பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். நாம் குருமாவில் போடும் கல்பாசியும் ஒரு லைக்கனே. பாசி, லைக்கன் இரண்டுக்கும் வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அவை உறிஞ்சுவதில்லை. மழையிலும் காற்றிலும் வருவதை உடல் முழுவதாலும் ஏற்றுக்கொள்வதால், எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட, நனைந்த பட்டை எத்தனை நேரம் உலராமல் இருக்கிறது என்பதே முக்கியம். கிணற்றடி நிழலில் அந்த ஈரம் நிற்கிறது. பாசியும் பத்து நாளில் புதிதாக முளைத்ததன்று. கோடையில் சுருண்டு காய்ந்து கிடந்தது, மழை பட்டதும் விரிந்திருக்கிறது.

மறுமொழி 2:
சாலைப்பக்கம் வெயிலும் தார்ச்சாலையின் சூடும் பட்டையை விரைவில் உலர்த்திவிடும். புகையும் தூசியும் வேறு. பாரிஸ் நகரப் பூங்காவில் லைக்கன்கள் அருகுவதை நைலாண்டர் என்னும் அறிஞர் 1866ஆம் ஆண்டிலேயே காற்றின் தூய்மையோடு தொடர்புபடுத்தினார். கந்தக டை ஆக்சைடு அவற்றுக்குப் பெரும் பகை. புதர்போலத் தொங்கும் வகைகள் முதலில் மறையும். பட்டையோடு ஒட்டிய திட்டு வகைகளே பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சுண்ணாம்பு, பட்டையின் அமிலத்தன்மையையே மாற்றிவிடும் என்பதால் பெரியவர் சொன்னதை நானும் ஏற்கவில்லை. கொய்யாவைப் போலப் பட்டை உரிக்கும் மரத்தில் இவை நிலைப்பதும் கடினம்.

மறுமொழி 3:
வடக்குப் பக்கம் எப்போதும் நிழல், அதனால் பாசி அங்கேதான் வளரும் என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். சென்னையில் ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மழைநீர் வழிந்திறங்கும் தடத்தைப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். மாமரத்தின் கவட்டிலிருந்து நீர் வழியும் தடத்தில்தான் பாசி அடர்ந்திருக்கிறது. வாசல் மரத்தின் காய்ந்த திட்டு ஒன்றில் நீர் தெளித்தேன். சிறிது நேரத்தில் சாம்பல் நிறம் மங்கிப் பச்சை தெரிந்தது. பெரியவரையும் அழைத்துக் காட்டினேன். சுண்ணாம்பு வாளி இன்னும் திண்ணையில்தான் இருக்கிறது.