ஊட்டிக்கு ரயிலில் "போனோம்" என்றால் என்ன அர்த்தம்?

கல்லாறுக்காரன்:
முந்தாநாள் மழைமேகம் என்பவர் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். பதினாலு வயதில் பையன், பதினாறு வயதில் பெண், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மூன்று நாள் ஊட்டி போனாராம். ஒரு சண்டை கூட இல்லையாம். ரகசியம் என்னவென்றால், காலையில் யாரையும் எழுப்பவில்லை, பத்து மணி வரை தூங்க விட்டாராம். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். கடைசி வரியில் "ஊட்டிக்குப் பொம்மை ரயிலிலும் போனோம்" என்று எழுதியிருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் அந்த ரயில் கிளம்புவது காலை 7:10. பத்து மணிக்கு அது குன்னூரை நெருங்கிக்கொண்டிருக்கும். பத்து மணிக்கு எழுந்தவர்கள் எந்த ரயிலில் போனார்கள்?

மழைமேகம்:
திரும்பும்போது போனோம் சார். ஊட்டியில் மதியம் 2 மணிக்கு ரயில் இருக்கிறது. பிள்ளைகள் நிதானமாக எழுந்து, குளித்து, சாப்பிட்டு வந்து ஏறினார்கள். மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். நான் எழுதியது தூக்கத்தைப் பற்றி, ரயிலைப் பற்றி அல்ல.

கல்லாறுக்காரன்:
ஆக, ஊட்டிக்குப் போகவில்லை. ஊட்டியிலிருந்து வந்தீர்கள். தமிழில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள் அம்மா.

நிலா அப்பா:
எனக்கு ஒரு சந்தேகம். நிம்மதியான சுற்றுலா என்கிறோமே, யாருக்கு நிம்மதி? பிள்ளைகளுக்கா, நமக்கா? அதை முதலில் பேசிவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

கல்லாறுக்காரன்:
அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். ஏறுவது வேறு, இறங்குவது வேறு. ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல்லைச் சக்கரம் கவ்வுகிற சத்தம் கேட்கும். வண்டி மூச்சு வாங்கி வாங்கி ஏறும். 208 வளைவு, 16 குகை. 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். நீங்கள் மூன்றரை மணி நேரத்தில் சறுக்கிக்கொண்டு வந்துவிட்டு "போனோம்" என்கிறீர்கள்.

கேத்தி டீக்கடை:
சறுக்கிக்கொண்டெல்லாம் வராதுங்க. இறங்கும்போதும் அதே பல், அதே சக்கரம்தான். பிரேக் பிடித்துப் பிடித்துத்தான் வரும். பிரேக் போடுகிறவர்கள் படுகிற பாட்டை ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கல்லாறுக்காரன்:
நான் பார்க்காததா? நான் பிறந்ததே அந்தச் சத்தத்தில்தான்.

ஜன்னல்சீட்டு:
போன மே மாதம் நாங்கள் ஏறும் ரயிலில்தான் போனோம் சார், நீங்கள் சொல்கிற மாதிரியே. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ், ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம், முகம் கழுவக்கூட நேரமில்லாமல் அடுத்த வண்டி. என் பையனுக்குப் பதினைந்து வயது. முதல் ஒரு மணி நேரம் அழகாகத்தான் இருந்தான். அப்புறம் ஹுட்டியைக் கண் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிவிட்டான். 16 குகையில் அவன் பார்த்தது இரண்டோ மூன்றோ. குன்னூரில் கண்ணைத் திறந்து, "இங்கேயே இறங்கிப் பஸ்ஸில் போய்விடலாமா?" என்றான். என் மனைவி இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் என்னை முறைக்கிறாள்.

கல்லாறுக்காரன்:
நீங்களாவது போனீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளைக்கோட்டு:
பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. பருவ வயதில் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகத்தான் சுரக்கிறது. பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராது, காலையில் சீக்கிரம் எழவும் முடியாது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-லேயே, நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. லீவு நாளிலாவது விடுங்களேன்.

கல்லாறுக்காரன்:
அமெரிக்காவில் 8:30 டாக்டர். எங்கள் ஊர் ரயில் 7:10. மெலடோனின் சுரக்கட்டும் என்று கார்டு கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டார். நான் என் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்பியிருக்கிறேன். ஒருத்தரும் செத்துப்போகவில்லை.

மழைமேகம்:
ஒன்று கேட்கலாமா சார்? அந்தப் பிள்ளைகள் இப்போது உங்களோடு ரயில் ஏறுகிறார்களா?

கல்லாறுக்காரன்:
பையன் பெங்களூரில் இருக்கிறான். வேலை அதிகம். அது வேறு விஷயம். உங்கள் டிக்கெட்டில் புறப்படும் இடம் என்று என்ன அச்சாகியிருக்கிறது? உதகமண்டலமா, மேட்டுப்பாளையமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பிளஸ்டூ பாவம்:
நான் அந்த வயசுக்காரன், அதனால் சொல்கிறேன். எங்களுக்கு ரயில் பிரச்சனையே இல்லை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து "போனை வை, வெளியே பார், எவ்வளவு அழகு பார்" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்கிறீர்களே, அதுதான் பிரச்சனை. அழகாக இருந்தால் நாங்களே பார்ப்போம். போனில் நாங்கள் எடுத்த படத்தைத்தான் அப்புறம் குடும்ப குரூப்பில் நீங்கள் போடுகிறீர்கள்.

கல்லாறுக்காரன்:
தம்பி, பெரியவர்கள் பேசும் இடம். நீ ஏறினாயா, இறங்கினாயா?

பிளஸ்டூ பாவம்:
காரில் போனேன் சார். வாந்தி எடுத்தேன்.

ஜன்னல்சீட்டு:
கார் என்றதும் ஞாபகம் வருகிறது. ஊட்டிக்கு வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு, அந்த இ-பாஸ் இல்லாமல் காரில் போக முடியாது. 2024 மே மாதத்திலிருந்து ஹைகோர்ட் உத்தரவு. ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று அப்புறம் கணக்கும் வைத்தார்கள். கோடை லீவில் காரை நம்பித் திட்டம் போடாதீர்கள். அரசுப் பஸ், ரயில் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

கேத்தி டீக்கடை:
தொல்லையா? மே மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவே எங்களுக்கு ரோடு கிடைக்காது. அந்த நெரிசலில் நின்று பார்த்திருந்தால் தொல்லை என்று எழுத மாட்டீர்கள். தண்ணீர் பாட்டிலைச் செக்போஸ்டில் பிடுங்கினால் அதற்கும் ஒரு சண்டை. பத்து வருஷமாகச் சொல்கிறோம், பிளாஸ்டிக் கொண்டு வராதீர்கள் என்று.

ஜன்னல்சீட்டு:
நான் பாட்டிலைப் பற்றி வாயே திறக்கவில்லையே!

கேத்தி டீக்கடை:
இங்கேயே கொடைக்கானல் பற்றிய இழையில் திறந்தீர்கள். மறந்துவிட்டது போல.

கல்லாறுக்காரன்:
பாட்டிலை விடுங்கள். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் வண்டி தண்ணீர் பிடிக்க நிற்கும். காலை வேளைப் பனி, கையில் சூடான டீ, வடையைப் பறிக்க மேலே குரங்கு, பக்கத்தில் கரிப்புகை வாசம். இது எதுவும் இறங்குகிறவர்களுக்கு வாய்க்காது.

கேத்தி டீக்கடை:
கரிப்புகையா? பல வருஷமாக ஓடுவதெல்லாம் எண்ணெயில்தானே, திருச்சி பொன்மலை ரயில் பட்டறையில் செய்த இன்ஜின். குன்னூருக்கு மேலே டீசல். நீங்கள் கடைசியாக எப்போது ஏறினீர்கள்?

கல்லாறுக்காரன்:
பொன்மலையில் கரி இன்ஜினும் புதிதாகச் செய்திருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். எப்போது ஏறினேன் என்பது இங்கே கேள்வி இல்லை.

மழைமேகம்:
எனக்குக் கேள்வி அதுதான். சார், எங்கள் மூன்று நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம். முதல் நாள் தாவரவியல் பூங்கா. இரண்டாம் நாள் குன்னூர் சிம்ஸ் பார்க். மூன்றாம் நாள் ரயில். தொட்டபெட்டா போகவில்லை, படகு விடவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது நானும் அவரும் காலை ஏழு மணிக்கு இரண்டு பேராக நடந்து போய் டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மூன்றாம் நாள் ரயிலில் என் பெண் தானாக வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள். அது ஏறும் ரயிலா, இறங்கும் ரயிலா என்று அவள் கேட்கவில்லை.

நிலா அப்பா:
இதைத்தான் முதலிலேயே கேட்டேன். யாருக்கு நிம்மதி என்று.

வெள்ளைக்கோட்டு:
மேலே நான் எழுதிய 8:30, பள்ளி நேரத்தைப் பற்றியது. சுற்றுலாவுக்கு அல்ல என்று யாராவது வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்லாறுக்காரன்:
தோளில் சாய்ந்ததில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் யுனெஸ்கோ 2005-ல் அந்த ரயிலுக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மரியாதை கொடுத்தது அது மலை ஏறுகிறது என்பதற்காக. இறங்குவதற்குச் சைக்கிளே போதும். "ஊட்டியிலிருந்து பொம்மை ரயிலில் வந்தோம்" என்று பழைய பதிவில் ஒரே ஒரு வரியை மாற்றுங்கள், நான் போய்விடுகிறேன்.

மழைமேகம்:
மாற்ற மாட்டேன்.

கல்லாறுக்காரன்:
அப்போது டிக்கெட்டைப் போடுங்கள்.

பிளஸ்டூ பாவம்:
மேகம் ஆன்ட்டி, என்னைத் தத்து எடுத்துக்கொள்வீர்களா?

புதுவரவு_கரூர்:
எல்லாருக்கும் வணக்கம். இதற்குச் சம்பந்தம் இல்லாத கேள்வி, மன்னிக்கவும். அடுத்த மாதம் பொம்மை ரயிலுக்கு நாலு டிக்கெட் எடுத்தேன், வெயிட்டிங் லிஸ்டில் நிற்கிறது. உறுதியாகுமா? யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்லாறுக்காரன்:
ஏறுவதற்கா, இறங்குவதற்கா?